ஞானபாக்கியம் மாட்டிவைத்த பில்லை

காசிமேட்டுக் கல்லறையில் ஞானபாக்கியத்தின் மேல் கடப்பைக் கல்தான் கிடக்கிறது. சலவைக்கல் வேண்டாம் என்று அவள் முன்பே சொல்லிவைத்திருந்தாள். சலவைக்கல் எந்த ஊரில் வெட்டுகிறார்கள் என்று தெரியாது, இந்தக் கல் வெட்டும் ஊரில் நடந்திருக்கிறேன் என்பது அவள் சொன்ன காரணம். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூன் வெயிலில் கல்லை இறக்கினார்கள். கை வைத்தால் சுட்டது. அவளுக்கு அது குளிர்ந்த கல்லாகத்தான் பழக்கம்.

நாசரேத்துக்குப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தவள் ஞானபாக்கியம். கணவர் தேவப்பிரியம் எஞ்சின் ஷெட்டில் பாய்லர் கழுவுகிறவர். ஓடி வந்த எஞ்சின் ஆறியதும், அதன் கரி எரியும் நெருப்புப் பெட்டிக்குள் சின்னக் கதவு வழியாக ஊர்ந்து நுழைந்து கரியைச் சுரண்ட வேண்டும். பிறகு பாய்லருக்குள் கட்டிப்போன சுண்ணாம்புப் பொருக்கைக் கம்பிவிட்டு உடைத்து, தண்ணீரை அடித்து வெளியே தள்ள வேண்டும். காலையில் வெளுத்த சட்டையில் போகிறவர் மாலையில் கரிக்கட்டையாகத் திரும்புவார். அந்தச் சட்டையைத் தினமும் துவைப்பது ஞானபாக்கியத்தின் வேலை. முதல் அலசலில் தண்ணீர் மை மாதிரி ஓடும். இரண்டாவது அலசலிலும் அப்படித்தான்.

ரயில்வேக்காரருக்கு வருஷத்தில் சில இலவச பாஸ்கள் உண்டு. கம்பெனியின் சொந்த லைனுக்கென்றால் கேட்டவுடன் எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் தெற்கே போவது வேறு கம்பெனியின் லைன். அதற்குப் பாஸ் வாங்குவது குதிரைக் கொம்பு. பாஸ் இருந்தது, சொந்த ஊர் அந்தப் பாஸில் இல்லை. ஆகவே வருஷா வருஷம் அது உபயோகப்படாமலே காலாவதியாகும். பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாக்குகிறவளுக்கு, பழைய சேலையின் கரையைக் கிழித்து விளக்குத் திரியாக்குகிறவளுக்கு, இது பொறுக்கவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம் ஒரு நாள் வெந்நீர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸின் துவைக்கும் இடத்தில் பதித்திருந்தது பெரிய கறுப்புக் கடப்பைக் கல். அதைக் கையால் தட்டிக் கேட்டாள்.

"ஏங்க, இந்தக் கல்லு எங்கேருந்து வருது?"

"பேருதான் கடப்பை. வேகன்ல பேதஞ்செர்லான்னு எழுதியிருக்கும். கர்நூல் ஜில்லா."

"அது நம்ம லைன்லதான இருக்கு?"

"நம்ம லைன்தான்."

"அப்ப பாஸ் எழுதி வாங்குங்க."

"அங்க நமக்கு யாருளா இருக்கா?"

"கல்லு இருக்குல்லா" என்றாள் ஞானபாக்கியம்.

அப்படித்தான் போனார்கள். குண்டக்கல்லில் இறங்கி, சின்ன வண்டிக்கு மாறி, ஒரு கட்டுப் புளிச்சோற்றையும் கருவாட்டுத் துவையலையும் தீர்த்துவிட்டு, பேதஞ்செர்லாவில் இறங்கினார்கள். ஸ்டேஷனை ஒட்டிக் கல் பலகைகள் அப்பளம் அடுக்கியதுபோல் அடுக்கிக் கிடந்தன. கல் வெட்டுகிறவனிடம் ஞானபாக்கியம் தமிழிலேயே கேட்டாள். அவன் தெலுங்கிலேயே பதில் சொன்னான். கை நீண்ட திசையில் ஒரு வறண்ட குன்று. இருவரும் நடந்தார்கள்.

அந்த நிலத்தைப் பார்த்தால் தண்ணீருக்கும் அதற்கும் பகை என்று தோன்றும். முள், சப்பாத்தி, பலகை பலகையாகப் பிளந்த பாறை. ஆனால் குன்றுக்குப் பின்னால் பூமி சட்டென்று வாய் பிளந்து பள்ளமாக இறங்கியது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஓர் ஓடை. அதன் கரையோடே போனார்கள். ஓரிடத்தில் அந்த ஓடை அவர்கள் கண்ணெதிரிலேயே பாறை இடுக்கில் இறங்கித் தரைக்குள் போய்விட்டது.

"ஏங்க, ஆத்தக் காணோம்" என்றாள் ஞானபாக்கியம்.

"கீழ பைப் போட்டிருப்பான்."

"யாரு?"

"ஆண்டவருதான். வேற எந்தக் காண்டிராக்டர் இந்த வெயில்ல வருவான்?"

மறுபடியும் நடந்தார்கள். காய்ந்த கல்லும் மணலுமாகக் கொஞ்ச தூரம். பிறகு ஒரு பாறையடியில், தண்ணீர் எந்தச் சத்தமும் இல்லாமல் மேலே வந்து நின்றது. உள்ளே சின்ன மீன்கள். ஞானபாக்கியம் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். பல் கூசியது. இன்னொரு வாய் குடித்து, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டித் தீர்ப்புச் சொன்னாள்.

"தண்ணி அமிர்தம். ஆனா இதுல பருப்பு வேகாது."

அன்று முதல் அவள் பார்த்த எல்லா ஊற்றுக்கும் இதுதான் அளவுகோல். பருப்பு வேகும் தண்ணீர், வேகாத தண்ணீர். அந்த மலையில் வேகும் தண்ணீரை அவள் ஒருமுறைகூடக் காணவில்லை. அதனால் வருத்தமும் இல்லை.

குகையைக் காட்டியது ஆடு மேய்க்கும் ஒரு பெண். ஊற்றுக்கு மேலே, கள்ளிப் புதருக்குப் பின்னால், மூன்று மாட்டு வண்டி உள்ளே போகும் அளவுக்கு வாய். "லோப்பல நீளு" என்று உள்ளே கை காட்டிவிட்டு அவள் ஆட்டின் பின்னால் போய்விட்டாள். உள்ளே தண்ணீர் இருக்கிறது என்பது இவர்களுக்கே புரிந்தது. காதில் விழுந்ததே.

அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு நுழைந்தார்கள். கூரையிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கல் தொங்கியது. சில விரல் பருமன், சில ஆள் பருமன். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு. ஞானபாக்கியத்துக்கு வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் நினைவுக்கு வந்தது. தேவப்பிரியம் அண்ணாந்தபடியே வெகுநேரம் நின்றார்.

"இத ஒருத்தரும் கழுவவே இல்லியேளா" என்றார். "எம்புட்டுப் பொருக்கு."

"கம்பிய எடுத்திராதிய. லீவுல வந்திருக்கிய."

குகையின் கோடியில் பாறை தாழ்ந்து, கீழே ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. தண்ணீர்ச் சத்தம் அதற்கு அந்தப்புறம். தேவப்பிரியம் உட்கார்ந்து, ஓட்டையைச் சாணால் அளந்து, சிரிக்க ஆரம்பித்தார். எஞ்சினின் நெருப்புப் பெட்டிக் கதவுக்கும் இதற்கும் விரல்கடை வித்தியாசம் இல்லை.

"எட்டு மணி நேரம் பொந்துக்குள்ள கெடந்துட்டு, லீவு போட்டு இன்னொரு பொந்துக்கு வந்திருக்கேன். இத ஷெட்டுல சொன்னா சிரிப்பானுவ" என்றார். சொல்லிக்கொண்டே தலையை விட்டார். தோள் போயிற்று. இடுப்பு போயிற்று. ஞானபாக்கியம் அவருடைய குதிகாலைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஊர்ந்தாள். அந்தப்புறம் ஒரு சின்ன அறை. அறையில் குளம் மாதிரித் தண்ணீர். விளக்கு வெளிச்சம் பட்டதும் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. இருவரும் காலை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாய்லர் கழுவுகிறவரும் கரிச்சட்டை துவைக்கிறவளும் அப்படிச் சும்மா உட்கார்ந்தது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

பிறகு வருஷா வருஷம் போனார்கள். தேவப்பிரியத்தின் பழைய ஷெட்டு பூட்ஸில் பஞ்சு வேஸ்டை அடைத்து ஞானபாக்கியம் தன் காலுக்குச் சரிபண்ணிக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகி, அந்த பூட்ஸில் அவள் குவார்ட்டர்ஸ் வாசலைத் தாண்டும்போது, குழாயடியில் நிற்கும் பக்கத்து வீட்டுத் தாயம்மா சும்மா விடமாட்டாள்.

"இன்னாக்கா, பூட்ஸ் போட்டுக்கினு மில்ட்ரிக்கா போறே?"

"ஆமா. ஓம் புருஷனையும் சேர்த்துக்கிடவா?"

"இட்டுக்கினு போ. திருப்பி மட்டும் இட்டாராதே."

கோயிலில் பெண்கள் விசாரித்தார்கள். ஜனங்கள் வேளாங்கண்ணி போகிறார்கள், திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறார்கள், நீங்கள் போகும் இடத்தில் என்ன கோயில் இருக்கிறது? ஞானபாக்கியம் யோசித்துப் பார்த்து, "தண்ணி இருக்கு" என்பாள். அதற்குமேல் விளக்க அவளுக்குத் தெரியாது. தேவையென்றும் நினைக்கவில்லை. ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது காற்று சில்லென்று முகத்தில் அடிக்குமே, அதற்கு ராயபுரத்தில் பெயர் இல்லை. இங்கே காற்று என்றால் மீன் வாசனை, கரிப்புகை, மத்தியானத்தில் உப்பு.

நாற்பத்தொன்பதாம் வருஷம் அக்டோபரில் அது நடந்தது.

ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. எழுதிய சட்டம் அல்ல. எழுதியதைவிடக் கெட்டியான சட்டம். ஒவ்வோர் ஆளுக்கும் நம்பர் வெட்டிய பித்தளைப் பில்லை ஒன்று உண்டு. நெருப்புப் பெட்டிக்குள் போகிறவன் தன் பில்லையை எஞ்சினின் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பில்லை வெளியே தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். அந்த எஞ்சினை எவனும் தொடமாட்டான். மாட்டினவன்தான் வந்து எடுக்க வேண்டும். வேறு ஒருவன் எடுத்தால் அது கொலைக்குச் சமம்.

அன்று தேவப்பிரியமும் மாட்டிவிட்டுத்தான் போனார். மழை நாள். யாரோ நனைந்த கோட்டைக் காயப்போட இடம் தேடி, அந்தக் கைப்பிடியின் மேலேயே போட்டுவிட்டான். பில்லை கோட்டுக்கு உள்ளே போயிற்று. எஞ்சினைப் பற்றவைக்க வந்தவன் பார்த்தான், பில்லை இல்லை. எண்ணெயில் தோய்த்த பஞ்சைக் கொளுத்திக் கதவு வழியாக உள்ளே வீசினான். தேவப்பிரியம் கத்தினார். வெளியே அவன் விறகு எடுக்கத் திரும்பியிருந்தான். வெளியே வரும் ஒரே கதவில் தீ இருந்தது.

ஒரே நிமிஷம்தான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். கூட வேலை செய்யும் ரஷீது ஓடிவந்து கொக்கியால் பஞ்சை இழுத்துப் போட்டான். தேவப்பிரியம் ஊர்ந்து வெளியே வந்தார். புருவம் பொசுங்கியது, வேறு காயம் இல்லை. தண்ணீர் குடித்தார். கோட்டைத் தூக்கிப் பில்லையைப் பார்த்தார். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஞானபாக்கியத்திடம் "புருவத்துல பொறி பட்டுட்டு" என்று மட்டும் சொன்னார். அவளும் தேங்காய் எண்ணெய் தடவினாள். அதோடு போயிற்று என்றுதான் நினைத்தாள்.

சட்டைதான் காட்டிக்கொடுத்தது. ஒரு வாரம், பத்து நாள், அவர் கொண்டுவந்த சட்டையில் வேர்வை இருந்தது, கரி இல்லை. முதல் அலசலிலேயே தண்ணீர் தெளிவாக ஓடியது. பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த தாயம்மாவுக்கும் கண் இருந்தது.

"இன்னாக்கா, அண்ணன் சட்டை வெள்ளையா கீது? ஆபீசராயிட்டாரா? எங்க வூட்டு ஆளு சட்டையத் தோய்ச்சித் தோய்ச்சி என் கை தேஞ்சிபோச்சி. உன்க்கு யோகம்."

ஞானபாக்கியம் சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்த வெள்ளைச் சட்டையைக் கொடியில் போடுமுன் காலரையும் கையையும் புரட்டிப் பார்த்தாள்.

அவரிடம் கேட்டால் வாய் திறக்கமாட்டார். ஆகவே ரஷீது எண்ணூர் இறால் கொடுக்க வந்த அன்று, அவனைச் சமையலறை வாசலில் நிறுத்திக் கேட்டாள். அவன் இறால் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் சொன்னேன்னு சொல்லாதேக்கா. ஒரே பேஜாரா கீது. பொட்டிகிட்ட வர்றாரு. கதவாண்ட குந்துறாரு. தலைய உள்ள வுட்றாரு. அப்டியே வெளிய இஸ்துக்குறாரு. மூஞ்சியெல்லாம் தண்ணி. இப்ப யார்டு பெருக்கிக்கினு கீறாரு. நாங்கல்லாம் மூடி மூடி வெச்சோம். ஃபோர்மேன் பாத்துட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"நல்ல ஆளுதான். கிறிஸ்மஸ் வரிக்கும் டைம் குட்த்துகீறாரு. அதுக்குள்ள பொட்டிக்குள்ள போலன்னா, டாக்டர்கிட்ட அனுப்பி வேலைக்கு ஆவாதுன்னு எழுதிடுவாங்க." பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, "குவார்ட்டர்ஸும் பூடும்க்கா" என்றான்.

அன்று இறால் குழம்பு ருசியாக இருந்ததென்று தேவப்பிரியம் சொன்னார். வேலை போவது, வீடு போவது இரண்டும் அவளுக்குப் புரிந்தது. மூத்த மகன் கிண்டி காலேஜில் இன்னும் படித்துக்கொண்டிருந்தான். ஆனால் அவளை உறுத்தியது வேறு. சாப்பிடும்போது அவர் இடது கை சட்டைப் பையை விட்டு எடுபடவே இல்லை. பைக்குள் பில்லை. தூங்கும்போதும் கை அங்கேதான்.

நவம்பர் கடைசியில் ஞானபாக்கியம் சொன்னாள்: "இந்த வருஷப் பாஸ் அப்படியே கெடக்கு."

"இப்ப எதுக்குளா?"

"வீணாப் போவணுமா?"

பேதஞ்செர்லாவில் இறங்கி நடக்கும்போது தேவப்பிரியம் நன்றாகவே இருந்தார். பள்ளத்தில் இறங்கினார். ஓடை தரைக்குள் போகும் இடத்தில் வழக்கம்போல "காண்டிராக்டர் மெயின்டனன்ஸ் ஒழுங்காத்தான் பண்ணுதாரு" என்றார். ஊற்றில் முகம் கழுவினார். மழை முடிந்த காலமாதலால் பாறையெல்லாம் கசிந்தது. குகை வாய்க்கு வந்ததும் கள்ளிப் புதர் ஓரமாக உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"நீ போய்ப் பாத்துட்டு வா. எனக்குக் கால் வலிக்கி."

அவருக்குக் கால் வலித்ததாக ஞானபாக்கியம் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவர் உரசித் தந்த குச்சியில் அவள் விளக்கை ஏற்றினாள். அரிக்கேனின் கண்ணாடியை இறக்கினாள். பிறகு கையை நீட்டினாள்.

"அதத் தாங்க."

"எத?"

"பில்லைய."

ஏன் என்று தெரியாமலே அவர் கொடுத்தார். அவள் கேட்டு அவர் எதையும் கொடுக்காமல் இருந்ததில்லை. ஞானபாக்கியம் அதை வாங்கி, குகை வாயில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் உலர்ந்த கிளையில் மாட்டினாள். பில்லை ஆடி, வெயிலில் மின்னி, நின்றது.

"என்னளா பண்ணுத?"

"உள்ள போறவுங்க மாட்டிட்டுத்தான போவணும்."

"அது என் நம்பருளா. நீயில்லா உள்ள போற."

"எனக்கு யாரு நம்பர் தந்தா? வீட்டுக்கு ஒண்ணுதான் குடுத்திருக்கானுவ."

"வெளையாடாத. எடு. பில்லை வெளிய தொங்குனா அந்த ஆளு உள்ள இருக்கணும். வெளிய உக்காந்து பீடி குடிக்கப்பிடாது."

"அப்ப ரூல்படி நீங்க உள்ளதான் இருக்கிய" என்றாள். அவர் எழுந்து கையை நீட்டினார். "தொடாதிய. மாட்டினவ நானு."

நீட்டிய கை அப்படியே நின்றது. இருபத்தைந்து வருஷம் ஷெட்டில் இருந்த கை அது. இன்னொருவர் மாட்டியதை எடுக்காது. ஞானபாக்கியம் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவள் நினைத்தது சின்னது. அந்தத் தொங்கும் பில்லையை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. நான்கு அடியாவது உள்ளே வருவார். பெரிய வாய்தானே, வெளிச்சமும் இருக்கிறது. இன்றைக்கு நான்கு அடி, நாளைக்கு எட்டு அடி. ஓட்டை வரை அவள் போகவே நினைக்கவில்லை.

ஆனால் தண்ணீர்ச் சத்தம் அந்த வருஷம் பெரிதாக இருந்தது. இன்னும் கொஞ்சம் என்று போனாள். ஓட்டை வந்தது. ஒருமுறை எட்டிப் பார்க்கலாம் என்று விளக்கை முன்னே தள்ளிவிட்டு நுழைந்தாள். முன்னால் பிடித்துக்கொள்ளக் குதிகால் இல்லாமல் ஊர்வது அதுதான் முதல் தடவை. அந்தப்புறம் போய் எழுந்து விளக்கை உயர்த்தினாள். குளம் கரை தட்டி நின்றது. கூரையிலிருந்து ஒரு சொட்டு, குளிர்ந்த சொட்டு, சூடேறியிருந்த கண்ணாடி மேல் விழுந்தது. கண்ணாடி பட்டென்று விரிந்து உடைந்தது. சுடர் ஒரு தடவை நாக்கை நீட்டிவிட்டு அணைந்தது.

இருட்டு என்றால் ராயபுரத்து இருட்டு அல்ல. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். ஞானபாக்கியம் தீப்பெட்டிக்காக இடுப்பைத் தடவினாள். பீடி பற்றவைக்க அவர் வாங்கினார். அவரிடமேதான் இருக்கிறது.

அசையாமல் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஓட்டை. ஓட்டை எந்தப் பக்கம் என்பது உட்கார்ந்த பிறகு தெரியவில்லை. கையால் துழாவியபோது விரல் தண்ணீரில் போயிற்று, எடுத்துக்கொண்டாள். கத்தினாள். சத்தம் எல்லாப் பக்கமும் போய்த் திரும்பி வந்து அவள் மேலேயே விழுந்தது. தண்ணீர் இரைச்சலில் அது வெளியே போயிருக்காது.

அப்போதுதான் முழுதாக உறைத்தது. வர வேண்டியவர் அவர் ஒருவர்தான். அவரோ வர முடியாதவர். இந்த ஓட்டை, அந்தக் கதவு, இரண்டும் ஒரே அளவு. அதை அவரே சாணால் அளந்து சிரித்தார். வர முடியாமல் வெளியே நின்று அவர் என்ன பாடுபடுவார் என்று நினைத்தபோது, தான் இருட்டில் இருப்பது அவளுக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று தோன்றியது. ஜெபம் வாயில் வந்தது, பாதியில் நின்றது.

விளக்கின் அடித்தகடு கையில் இருந்தது. ஒரு கல்லை எடுத்துத் தகட்டில் தட்டினாள். டக், டக். பெட்டிக்குள் இருக்கிறவன் வெளியே இருக்கிறவனுக்குத் தட்டிச் சொல்லும் முறை அது. சோறு போடும்போது அவர் எத்தனையோ தடவை கரண்டியால் தட்டிக் காட்டியிருக்கிறார். இரண்டு தட்டு என்றால், உள்ளே இருக்கிறேன். டக், டக். நிறுத்தி, மறுபடியும். மனிதக் குரல் போகாத இடத்துக்கு இரும்புச் சத்தம் போகும் என்று அவர் சொன்னதுண்டு.

வெகுநேரம் கழித்து, தூரத்தில், கல்லில் உலோகம் மோதும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஞானபாக்கியம் அழுதாள். அழுதுகொண்டே தட்டினாள். மூன்று தட்டு கொஞ்சம் கிட்டே வந்தது. அப்புறம் நின்றுபோயிற்று. ஓட்டைக்கு அந்தப்புறம் வந்துவிட்டார் என்று தெரிந்தது. மூச்சு வாங்குவது கேட்டது. ஓடி வந்த மூச்சு அல்ல. அதைவிட மோசமான மூச்சு.

அவள் அழைக்கவில்லை. அழைத்தால் அவர் வந்துதான் ஆக வேண்டும். வர முடியாவிட்டால் அது அவருக்கு இன்னொரு கதவாகிவிடும். ஆகவே பேச்சை மாற்றுகிறவள்போல் சாதாரணக் குரலில் சொன்னாள்.

"கண்ணாடி ஒடஞ்சிட்டு. ஒண்ணேகால் ரூவாக் கண்ணாடி."

அந்தப்புறம் உலோகம் கல்லில் உரசியது.

"காலு எப்படி இருக்கு?" என்றாள்.

"வலிக்கி" என்றது தேவப்பிரியத்தின் குரல்.

"சரி. அங்கனயே இருங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க தட்டிக்கிட்டே இருந்தா சத்தத்த வச்சே வந்துருவேன்."

"வராத. தண்ணி எந்தப் பக்கம்னு ஒனக்குத் தெரியாது." பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல்: "பில்லை தொங்குதுளா அங்க. தொங்கிக்கிட்டே கெடக்கு."

"நான்தான் மாட்டினேன். நான் வந்து எடுப்பேன்."

"நம்பரு என்னுதுல்லா" என்றார் அவர்.

துணி பாறையில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் உரசியது. ஒரு முனகல். ஞானபாக்கியம் தகட்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் கையில் கல் இருந்ததும், கல் தகட்டில் பட்டதும், அதுதான் அவளுக்கு அப்போது உலகம். பிறகு ஒரு கை அவள் பூட்ஸைத் தொட்டது. தடவி, குதிகாலைப் பிடித்துக்கொண்டது.

வெகுநேரம் அந்தக் கை விடவில்லை. அவள் காலை அசைக்கவில்லை.

"தீப்பெட்டி உங்கட்டதான இருக்கு?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"கொளுத்தலாமுல்லா."

"பொந்துக்குள்ள தீ எதுக்கு" என்றார் தேவப்பிரியம்.

அவர் முழு வழியும் இருட்டிலேயே வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இருட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டு வந்தவருக்கு, கையில் இருந்த வெளிச்சத்தைப் பொறுக்க முடியவில்லை. இருவரும் காலை நனைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்கள், பார்க்க ஒன்றும் இல்லாமல். அவர் மூச்சு சீரானது. கடைசியில் அவர் சொன்னார்: "மத்த வருஷத்தவிட இப்பத்தான் நல்லா இருக்கு. மூஞ்சியெல்லாம் காட்டாண்டாம்."

திரும்பும்போது அவர்தான் முன்னால். அவள் அவருடைய குதிகாலைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையில் புளிச்சோற்றுக் கரண்டி இருந்தது, அதைத்தான் வழியெல்லாம் தட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நுனி மடங்கிப்போயிருந்தது.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பில்லை கிளையில் அப்படியே தொங்கியது. தேவப்பிரியம் கையை நீட்டிவிட்டு, நிறுத்தி, ஒதுங்கி நின்றார். ஞானபாக்கியம் எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டார். போட்ட கை திரும்பி வந்துவிட்டது.

ஊருக்கு வந்த மறுநாள் அவர் வேலைக்குப் போனார். அன்று வந்த சட்டை வெள்ளை. அடுத்த நாளும் வெள்ளை. மூன்றாம் நாளும். டிசம்பர் பிறந்துவிட்டது. ராயபுரத்தில் கூண்டு வண்டிகளில் கிறிஸ்துமஸ் கேக் வர ஆரம்பித்துவிட்டது. குகை வேறு, பெட்டி வேறு என்று ஞானபாக்கியம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குகை ஆண்டவர் செய்தது, அதில் கதவு கிடையாது, பஞ்சு வீச ஆள் கிடையாது. டிரங்குப் பெட்டியை எடுத்து, எதை எதில் வைத்துக் கட்டுவது என்று மனத்துக்குள் கணக்குப் போட்டாள். வாடகை வீடு புளியந்தோப்பில் கிடைக்கும் என்றார்கள்.

ஒரு சாயங்காலம் தேவப்பிரியம் வந்து, சட்டையைக் கழற்றித் துவைக்கும் கல்லில் போட்டுவிட்டு உள்ளே போனார். ஞானபாக்கியம் அதை எடுத்தாள். உள்ளங்கை கறுத்தது.

காலர் கறுப்பு. கை கறுப்பு. முதுகில் பெட்டிக் கதவின் விளிம்பு உரசிய கோடு, இரண்டு பக்கமும். அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்து நின்றாள், தண்ணீரைத் திறக்காமல்.

தாயம்மா பார்த்தாள். "அடக் கடவுளே. மறுபடி கலீஜா வந்துச்சா? ஆபீசர் வேலை அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்றாள் ஞானபாக்கியம்.

"ஏன்க்கா அத மோந்து பாக்குறே?"

ஞானபாக்கியம் சட்டையை முகத்திலிருந்து எடுத்தாள். மூக்கிலும் நெற்றியிலும் கரி. கல்லில் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். மை மாதிரி ஓடியது. அவள் சவுக்காரத்தை எடுக்கவில்லை. அது ஓடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு லைன்கள் எல்லாம் ஒன்றாகி, நாசரேத்துக்கும் தாராளமாகப் பாஸ் கிடைத்தது. தம்பி மகள் கல்யாணத்துக்கு ஒரு தடவை போய்வந்தாள். அடுத்த வருஷம் பாஸ் எழுதும்போது எங்கே என்று அவர் கேட்டதற்கு, "என்ன கேள்வி" என்றாள். விளக்குக் கண்ணாடி இரண்டு வாங்கிக் கட்டி எடுத்துக்கொண்டாள். தீப்பெட்டி ஆளுக்கு ஒன்று. குகை வாயில் அந்தக் கிளை இருக்கும்வரை பில்லையை அதில் மாட்டிவிட்டுத்தான் இருவரும் உள்ளே போவார்கள். யார் மாட்டுவது என்பதில் மட்டும் ஒவ்வொரு வருஷமும் சண்டை. அவளே ஜெயிப்பாள்.

ஐம்பத்தேழில் போனதுதான் கடைசி. அந்தத் தடவை உடம்பு தளர்ந்துபோய் அவளால் பள்ளத்தில் இறங்க முடியவில்லை. தேவப்பிரியம் மட்டும் இறங்கி, ஒரு பாட்டிலில் ஊற்றுத் தண்ணீர் பிடித்து வந்தார். ராயபுரத்துக்கு வந்ததும் அதில் அவளுக்குக் கஞ்சி வைக்கப் பார்த்தார். அவள் மறுத்தாள்.

"வேவாது" என்றாள். குடிக்கத்தான் வைத்துக்கொண்டாள்.